நிலத்தடி நீரும் நிலமற்றவர்களும்

(தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு)



தாத்தா இரட்டைமலை சீனிவாசனை 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவராக நினைவுகூர்கிறோம். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு சேர்ந்து நம் மக்களுக்காகப் பேசியவராகவும் நினைவுகூர்கிறோம். அவருடைய இன்னொரு பணியை எடுத்துக்கொண்டு இன்று பேசலாம் என்று நினைக்கிறோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கவும், பொது அலுவலகத்துக்குள் நுழையவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது அந்தத் தீர்மானம். அது நிறைவேறியது. அரசாணையாகவும் வந்தது.

அந்தத் தீர்மானத்துக்கு நூறாண்டு கடந்துவிட்டது. நம் கேள்வி இதுதான்: கிணறு திறந்துவிடப்பட்டது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

நம் சேரிகளில் பொதுக் கிணறு இருக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். பலவற்றில் குப்பை கொட்டிக் கிடக்கிறது. சிலவற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். அருகிலேயே பிடி கழன்ற கைப்பம்பு ஒன்று நிற்கும். யாரும் நம்மை விரட்டவில்லை. கயிற்றைப் பிடுங்கவில்லை. தீட்டு என்று சொல்லவில்லை. தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் மழை இல்லை என்பார்கள். மழை எல்லோருக்கும்தான் பெய்யவில்லை. ஆனால் சேரியின் கிணறு வற்றிக் கிடக்கும்போது எதிரே இருக்கும் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிறது. அன்று நம்மைக் கிணற்று மேட்டில் நிறுத்தித் தடுத்தார்கள். இன்று கிணற்றின் ஆழத்தில் தடுக்கிறார்கள். இரண்டாவது தடுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் போராட்டமும் இல்லை, இலக்கியமும் அதிகமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஈஸ்மெண்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இல் வந்தது. அதன் 7ஆம் பிரிவில் சில எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒரு நிலத்தின் அடியில் வரையறுக்கப்பட்ட ஓடையாக ஓடாமல் கசிந்து நிற்கும் தண்ணீரை முழுவதும் எடுத்துக்கொள்ள அந்த நிலத்தின் உடைமையாளருக்கு உரிமை உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது. இது இங்கிலாந்திலிருந்து வந்த கருத்து. 1843இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற வழக்கில், நிலத்தின் அடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே பக்கத்து வீட்டுக்காரனின் கிணறு வற்றினாலும் வழக்கில்லை என்று அங்கே தீர்ப்பளித்தார்கள். தண்ணீரின் போக்கு தெரியாத காலத்தின் நீதி அது. இன்று நீரியல் வல்லுநர்கள் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் எப்படிச் சரிகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அறிவு வளர்ந்துவிட்டது. சட்டம் 1843இலேயே நிற்கிறது.

நிலம் யாரிடம் இருக்கிறதோ தண்ணீரும் அவரிடம் என்றால், நிலமில்லாதவருக்குத் தண்ணீரும் இல்லை என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலத்தில் நம்மிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த நிலத்திலும் பெரும்பகுதி மானாவாரி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையை ஒட்டி 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். அதைக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். பஞ்சமி நிலம் பறிபோனபோது மேல்மண் மட்டும் போகவில்லை. அதன் அடியிலிருந்த தண்ணீரும் சேர்ந்தே போனது. இந்த இரண்டாவது இழப்பை நாம் இதுவரை கணக்கில் எழுதவே இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அண்ணல் எதற்காக அதில் உறுதியாக நின்றார் என்பதற்கு மகத் சான்று. 1927 மார்ச் 20இல் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தியதும், எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்தக் குளம் பொதுச் சொத்தல்ல, தனியார் சொத்து என்று வாதாடினார்கள். பத்தாண்டு கழித்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த வாதம். தீட்டு என்ற வாதம் எடுபடாது என்று தெரிந்ததும் தனியார் சொத்து என்ற வாதத்துக்கு மாறினார்கள். 15(2) பிரிவு அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணற்றுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட கிணற்றுக்கும் மட்டுமே பொருந்தும். பட்டா நிலத்துக் கிணறு அதில் வராது. தண்ணீர் பொதுக் கிணற்றிலிருந்து பட்டா நிலத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் மாறியபோது, சாதியும் பட்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் பாருங்கள். நம் மக்கள் புழங்கும் நீர்நிலையை அசுத்தப்படுத்தினால் அது குற்றம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். ஆனால் அதே நீர்நிலையை வற்றடித்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? தண்ணீர் மீதான உரிமையில் குறுக்கிடுவதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறது. ஆனால் குறுக்கிட்டார் என்று நிரூபிக்க முதலில் நமக்கு உரிமை இருந்தாக வேண்டும். நிலத்தடியில் கசியும் நீரில் பக்கத்து நிலத்தாருக்கே உரிமை இல்லை என்கிறது 1882ஆம் ஆண்டுச் சட்டம். நிலமே இல்லாத சேரிக்கு எங்கிருந்து உரிமை வரும்?

பிளாச்சிமடை சொல்லும் பாடம்

இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்குப் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையே போதும். 2000ஆம் ஆண்டில் அங்கே கோகோ கோலா ஆலை தொடங்கியது. சுற்றியிருந்த ஆதிவாசிக் குடியிருப்புகளின் கிணற்றுத் தண்ணீர் குறைந்தது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரலில் மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் சொத்து, அரசு அதற்குக் காப்பாளர், நிலம் வைத்திருப்பதால் மட்டும் அளவில்லாமல் உறிஞ்ச யாருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. சட்டம் தடுக்காதவரை நிலத்தின் உடைமையாளர் தண்ணீர் எடுக்கலாம் என்று சொல்லி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. ஆலை 2004லேயே மூடப்பட்டுவிட்டது. அதை மூடியது மக்கள் போராட்டம். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று 2010இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஒரே கிணறு, ஒரே தண்ணீர், இரண்டு தீர்ப்புகள். முதல் தீர்ப்பு தண்ணீரை மக்களோடு சேர்த்துப் பார்த்தது. இரண்டாவது நிலப்பத்திரத்தோடு சேர்த்துப் பார்த்தது. நம் சண்டை இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

யார் எடுக்கிறார்கள், யார் கட்டுகிறார்கள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி பாறை நிலம். மேலே சில மீட்டர் பக்குவப்பட்ட மண்ணும் சிதைந்த பாறையும். அதன் கீழே பாறை வெடிப்புகள். கமலை இறைத்த காலத்தில் மனிதனும் மாடும் சோர்ந்ததும் கிணறு ஓய்வெடுத்தது. இரவில் ஊறியது. ஆயில் இன்ஜின் வந்தது, மின்மோட்டார் வந்தது, பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. இப்போது ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வருகிறது என்று சொல்லும் ஊர்கள் கொங்குப் பகுதியில் உண்டு. ஆழமாகத் துளை போடப் பணம் உள்ளவர், ஆழம் போக முடியாதவரின் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். இந்த ஓட்டத்தில் முதலில் தோற்பது சேரியின் திறந்த கிணறும் கைப்பம்பும். அடுத்துத் தோற்பது ஒன்றரை ஏக்கர் சிறு விவசாயி.

தமிழ்நாட்டை 1,166 பிர்க்காக்களாக, அதாவது குறுவட்டங்களாகப் பிரித்து நிலத்தடி நீரைக் கணக்கிட்டார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்கில் 462 பிர்க்காக்கள் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டவை. இந்தியா முழுவதும் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் பாசனத்துக்குப் போகிறது. ஆகவே ஆலைகளையும் தண்ணீர் லாரிகளையும் மட்டும் பேசிவிட்டுத் தோட்டத்துக் கிணற்றை விட்டுவிட்டால் நாம் பேசுவது ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் போய்விடும்.

விவசாயத்துக்கு 1990 முதல் எல்லோருக்கும் இலவச மின்சாரம். அதற்கு முன்பு மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் பலர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த உயிர்களை நாம் மதிக்கிறோம். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 200 நாள் ஓடினால் ஏறத்தாழ 12,000 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவசம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், ஆண்டுக்கு 600. சேரியில் இருபது வீடுகளுக்குக் கிடைக்கும் இலவசம் ஒரு மோட்டாருக்குக் கிடைக்கிறது. நிலமும் கிணறும் மின் இணைப்பும் உள்ளவருக்கே அந்த இலவசம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. அவற்றில் எத்தனை நம்முடையவை என்று கேட்டுப் பாருங்கள். அந்த மோட்டார்களுக்கான செலவை அரசு வரியிலிருந்து கட்டுகிறது. தீப்பெட்டி வாங்கும் நிலமற்ற பெண்ணும் வரி கட்டுகிறாள்.

ஆணையமும் கட்டணமும்

இதற்குத் தீர்வாக இரண்டு சொற்கள் நம் முன் வைக்கப்படுகின்றன. ஒன்று ஆணையம், இன்னொன்று கட்டணம். வட்டார அளவில் ஓர் ஆணையம் அமைத்து, கிணறுகளைப் பதிவுசெய்து, அனுமதி கொடுத்து, எடுக்கும் தண்ணீருக்கு அளவுக்கேற்பக் கட்டணம் வாங்க வேண்டும் என்பது யோசனை.

இது புதிதல்ல. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 1987இலேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அட்டவணையில் உள்ள கிராமங்களில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும், லாரியில் தண்ணீர் எடுத்துப்போக உரிமம் வேண்டும். அந்த லாரிகள் இன்றும் எப்படி ஓடுகின்றன என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாநிலம் முழுவதுக்குமாக 2003இல் ஒரு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஓர் அரசாணை வந்தது. குடிநீர் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் அந்த அரசாணையை உறுதிசெய்தது. மத்தியில், உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி 1997இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அது வெளியிட்ட நெறிமுறைகள் ஆலை, சுரங்கம், கட்டுமானம் போன்றவற்றுக்குத் தண்ணீர்க் கட்டணம் விதித்தன. விவசாயத்துக்கு முழு விலக்கு. மகாராஷ்டிரத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே போய், ஆழமான கிணறுகளுக்கு வரம்பும் தீர்வையும் பேசுகிறது.

நாம் இதை எப்படிப் பார்ப்பது? தண்ணீருக்குக் கட்டணமா, கூடாது என்று கொடி பிடிப்பது எளிது. நம் தோழர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கட்டணம் கூடாது என்ற கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். மூன்று ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரும் குடம் தூக்கி இரண்டு கிலோமீட்டர் நடப்பவரும் ‘தண்ணீர் இலவசம்’ என்று ஒரே முழக்கம் போட்டால், பலன் ஒருவருக்கே போகும். கிராமத்துப் பெண் தண்ணீருக்கு ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். குடத்துக்கு இவ்வளவு என்று லாரிக்காரரிடம் கொடுக்கிறாள். இல்லையென்றால் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் பிடிக்க அனுமதி கேட்டு நின்று, கூலி குறைந்தாலும் வாய் திறக்காமல் வேலைக்குப் போய் அந்த விலையைக் கொடுக்கிறாள்.

ஆகவே ஒழுங்குமுறையும் கட்டணமும் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் அதை அப்படியே ஏற்க முடியாது. மூன்று அச்சங்கள் நமக்கு இருக்கின்றன.

மூன்று அச்சங்கள்

முதல் அச்சம், கட்டணமே உரிமையாக மாறிவிடும் என்பது. பணம் கட்டிவிட்டேன், எவ்வளவும் எடுப்பேன் என்று ஆலை சொல்லும். 1996இல் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதி செய்தது. நல்ல கோட்பாடு. ஆனால் பாலாற்றங்கரையில் கெட்டுப்போன கிணறுகள் பணத்தால் நல்ல கிணறுகளாகிவிடவில்லை. எனவே முதலில் அளவுக்கு உச்சவரம்பு, அதற்குள் குடிநீருக்கு முதலிடம், அதன் பிறகே கட்டணம் என்ற வரிசை மாறக்கூடாது.

இரண்டாவது அச்சம்தான் பெரியது. இருக்கிற கிணறுகளைப் பதிவுசெய்து, புதிய கிணறுகளுக்குத் தடை போடுவதுதான் எல்லா ஒழுங்குமுறையின் முதல் வேலை. நீர் குறைந்த பகுதிகளில் புதுக் கிணற்றுக்கு அனுமதி இல்லை, வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே கிணறு வைத்திருப்பவர் யார்? இனிமேல் கிணறு வெட்ட வேண்டியவர் யார்? மூன்று தலைமுறையாகப் பண்ணையில் வேலை செய்து, இப்போதுதான் தாட்கோ கடனில் ஓர் ஏக்கர் வாங்கியிருக்கும் நம் பெண்ணிடம், உன் பிர்க்காவில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அனுமதி இல்லை என்று சொன்னால், தீர்த்தவர்களுக்குப் பரிசும் தாமதமாக வந்தவளுக்குத் தண்டனையும் கொடுக்கிறோம். தாமதமாக வந்தது அவள் குற்றமில்லை. நுழையவிடாமல் வைத்திருந்தார்கள்.

இது கற்பனை அச்சமல்ல. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி, நிலத்தில் ஏறத்தாழ 87 விழுக்காட்டை வெள்ளையருக்கு வைத்துக்கொண்டது. தண்ணீர் உரிமையை நிலத்தோடு கட்டிவைத்தது. விடுதலைக்குப் பின் 1998இல் வந்த தேசியத் தண்ணீர்ச் சட்டம் உலகமே பாராட்டிய சட்டம். தண்ணீரில் தனியுடைமை இல்லை, அரசு காப்பாளர், நிலத்தடி நீரும் ஆற்றுநீரும் ஒன்றே, மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் இயற்கைக்கும் முதலில் ஒதுக்க வேண்டும், வட்டார நீர்ப்பிடிப்பு முகமைகள் நிர்வகிக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஆனால் அதே சட்டம், தான் வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சட்டப்படி யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அது தொடரலாம் என்றும் சொன்னது. அந்த ஒரு பிரிவின் வழியாகப் பழைய வெள்ளைப் பண்ணையார்களின் தண்ணீர் புதிய நாட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. திட்டமிட்ட வட்டார முகமைகளில் பல ஆண்டுகள் இரண்டே இரண்டுதான் செயல்பட்டன. தனியுடைமையை ஒழித்தோம் என்று முகவுரையில் எழுதினால் போதாது, ‘இருப்பது தொடரும்’ என்ற வரியையும் ஒழிக்க வேண்டும் என்பதுதான் நமக்கான பாடம்.

மூன்றாவது அச்சம், ஆணையத்தில் யார் உட்காருவார்கள் என்பது. பொறியாளர்களும் அதிகாரிகளும் மட்டும் உட்கார்ந்தால் அது தலைநகரத்தின் ஆணையம். அதற்கு மாற்றாகக் கிராமத்திடமே கொடுத்துவிடலாம் என்று சூழலியல் நண்பர்கள் சொல்கிறார்கள். எந்தக் கிராமத்திடம்? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் ஒருவர் தலைவராகிவிடக்கூடாது என்பதற்காகப் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்த கிராமத்திடமா? மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்ற கிராமத்திடமா? அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை நம்பவில்லை. அதே நேரத்தில், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குக்கு ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் வட்டார அமைப்பு வேண்டும் என்று வழிவகுத்தார். மாகாண எல்லையைத் தண்ணீர் மதிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். ஊர் எல்லையையும் அது மதிப்பதில்லை. ஆகவே வட்டார ஆணையம் என்ற கருத்து நமக்கு அந்நியமானதல்ல, நம் தலைவர் கைபட்டது. அதை நம் கைக்குக் கொண்டுவருவதுதான் கேள்வி.

வேறு வழி இருந்ததா?

தண்ணீரை நிலத்திலிருந்து பிரிக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் புனே மாவட்டத்தில் இருக்கிறது. 1972 பஞ்சத்துக்குப் பின் நாயகாவ் கிராமத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, தண்ணீரை நிலத்தின் பரப்புக்கு ஏற்பக் கொடுக்கவில்லை. தலைக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர் பாசனத்துக்கான தண்ணீர் என்று வைத்தது. நிலமற்றவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை கூடப் போகாது. கரும்புக்குத் தடை. அது பெரிய நிலவுடைமையை உடைக்கவில்லை, எல்லா இடங்களுக்கும் பரவவும் இல்லை. ஆனால் பத்திரத்துக்குப் பதிலாக மனிதரை எண்ணித் தண்ணீர் பிரிக்கலாம் என்று நடத்திக் காட்டியது.

அண்ணல் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற முன்வரைவில் இதைவிட அடிப்படையாகப் பேசினார். வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும், நிலப்பிரபுவும் நிலமற்ற கூலியும் இல்லாத நிலை வேண்டும் என்றார். நிலத்தில் அது நடக்கவில்லை. தண்ணீரிலாவது தொடங்க முடியுமா என்று கேட்கும் இடத்தில் நாம் நிற்கிறோம்.

நாம் கேட்பவை

ஒன்று, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, நிலவுடைமையோடு அதற்குத் தொடர்பில்லை என்று மாநிலச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு சேரியின் குடிநீர் ஆதாரத்தைச் சுற்றியும் பாதுகாப்பு வட்டம் வரைய வேண்டும். அது வற்றினால், வட்டத்துக்குள் ஆழ்துளை போட்டவரே காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டும். நாம் ஆதாரம் தேடி அலையக்கூடாது.

மூன்று, வீட்டுத் தேவைக்கும் குறு விவசாயிக்கும் கட்டணம் கூடாது. அதற்கு மேல் குதிரைத்திறன், ஆழம், கிணறுகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கட்டணமும் கூட வேண்டும். தண்ணீரை விற்பவருக்கு மிக உயர்ந்த கட்டணம்.

நான்கு, வரம்பு மீறிய பிர்க்காக்களிலும் பஞ்சமி நிலத்துக்கும் தாட்கோ வழியாக நிலம் பெற்றவர்களுக்கும் தண்ணீரில் தனி ஒதுக்கீடு வேண்டும். அந்த அளவை ஏற்கெனவே அதிகம் எடுப்பவரின் பங்கிலிருந்து குறைக்க வேண்டும்.

ஐந்து, வட்டார ஆணையத்தில் பாதி இடம் பெண்களுக்கு. தலித்துகள், பழங்குடிகள், நிலமற்ற கூலிகள் ஆகியோருக்கு மக்கள்தொகைக்குக் குறையாத இடம், வாக்குரிமையோடு. ஊராட்சியில் நியாயம் கிடைக்காவிட்டால் ஆணையத்திடம் மேல்முறையீடு.

ஆறு, வசூலாகும் கட்டணம் அரசின் பொதுக் கணக்கில் கரையக்கூடாது. அதே வட்டாரத்தில் ஏரி தூர் வாரவும் சேரிக்குக் குடிநீர் தரவும் செலவாக வேண்டும்.

நம் தரப்பிலிருந்தே ஒரு கேள்வி வரும். மோட்டார் நின்றால் சாகுபடி நிற்கும், சாகுபடி நின்றால் கூலி வேலை போகாதா? நியாயமான கேள்வி. தண்ணீர் இருந்தால்தான் நடவும் களையும் அறுப்பும். ஆனால் அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிரெல்லாம் அதிக வேலை தருவதில்லை. தோப்பாக மாறிய வயலில் கூலிக்கு என்ன வேலை இருக்கிறது என்று பெண்களிடம் கேளுங்கள். மேலும், தண்ணீர் முழுதாகத் தீர்ந்த பின் எந்த வேலையும் இருக்காது. ஊரைவிட்டுச் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் முதலில் போகிறவர்கள் நாமே. எந்தப் பயிருக்குத் தண்ணீர் என்று முடிவு செய்யும் இடத்தில் கூலிக்காரர்களும் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரின் கிணறுகளை எண்ணுங்கள். எந்தக் கிணறு, எத்தனை அடி, யார் பட்டா, எத்தனை குதிரைத்திறன், சேரிக் கிணறு எந்த ஆண்டு வற்றியது, அந்த ஆண்டு சுற்றிலும் எத்தனை ஆழ்துளை போடப்பட்டது என்று எழுதுங்கள். மின் இணைப்புகளைச் சாதிவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான், பத்திரப்படுத்துங்கள். பாட்டிகளிடம் பேசுங்கள். எந்தக் கிணற்றில் ஏறவிடவில்லை என்று அவர்கள் சொல்வதை நம் இலக்கியம் எழுதியிருக்கிறது. எந்தக் கிணறு எப்போது வற்றியது என்று அவர்கள் சொல்வதை இனி எழுத வேண்டும்.

தாத்தா சீனிவாசன் சட்டமன்றத்தில் எழுந்து நின்றபோது நம் மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் மிகச் சிலர். இருந்தும் கேட்டார், பெற்றார். இன்று நம்மிடம் வாக்கு இருக்கிறது, அமைப்பு இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின் வரைவு எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும்போது, இந்த ஆறு கோரிக்கைகளும் அந்த மேசையின் மேல் இருக்க வேண்டும். அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.